வேலிக் கதியாலும் காட்டு ஒதியும்: பிஸ்தாக் குடும்பத்து மரமொன்றில் ஐஎஸ்எஸ்ஆர் வேலை

பிஸ்தா மரம் காய்க்க, குளிர்காலத்தில் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணித்தியாலக் குளிர் வேண்டும். வன்னியில் அது கிடைக்காது. ஆனால் பிஸ்தாவின் குடும்பமான அனகார்டியேசியே இங்கே வளவுக்கு வளவு நிற்கிறது. மா அந்தக் குடும்பம். கொண்டச்சியிலும் முழங்காவில் பக்கத்து மணல் நிலத்திலும் நிற்கும் மரமுந்திரிகையும் அந்தக் குடும்பம். வேலியில் கதியாலாக நட்டுத் தழைய விடும் ஒதியும் அதே குடும்பம்தான். பிஸ்தா இனங்களின் மரபுப் பல்வகைமையை அளக்கப் பயன்பட்ட ஐஎஸ்எஸ்ஆர் மார்க்கர் முறையை ஒதியில் செய்வது எப்படி, எங்கே பிழைக்கும் என்பதுதான் இந்தப் பதிவு. டிஎன்ஏயில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களுக்கு இடைப்பட்ட துண்டுகளைப் பெருக்கி, ஜெல்லில் அளவுவாரியாகக் கோடுகளாகப் பிரித்துப் பார்ப்பதுதான் ஐஎஸ்எஸ்ஆர்.

ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது என்பார்கள். மார்க்கர் வேலைக்கு அதைவிட உதவும் மரம் இங்கே குறைவு. கதியால் என்பது வெட்டி நட்ட கிளை. ஒரு தாய்மரத்தில் வெட்டிய இருபது கதியால்களும் மரபளவில் ஒரே மரம். ஆகவே அவற்றின் டிஎன்ஏ ஜெல்லில் ஒரே கோடுகளைத்தான் தர வேண்டும். தராவிட்டால் பிழை மரத்தில் இல்லை, எங்கள் கையிலும் குழாயிலும் இருக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த மாதிரி இப்படி வேலியில் வரிசையாக நிற்பது பெரிய வசதி. பிஸ்தாவில் இதே வேலையை ஒட்டுக் கன்றுகள் செய்கின்றன. கலிபோர்னியத் தோட்டங்கள் நெடுங்காலமாக நம்பியிருந்தது கெர்மன் என்ற ஒரே பெண் வகையையும் பீட்டர்ஸ் என்ற ஒரே ஆண் வகையையும்தான்.

இந்தக் குடும்பத்தில் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். எல்லாம் பாலும் பிசினும் கயரும் உள்ள மரங்கள். டிஎன்ஏயோடு சேர்ந்து வரும் பிசினும் பீனோலும், டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கும் பிசிஆரை அங்கங்கே தடுக்கும். தடுத்த இடத்தில் ஒரு கோடு காணாமற்போகும். அந்த இல்லாத கோட்டை மரபு வேறுபாடு என்று எண்ணி அட்டவணையில் பூச்சியம் போட்டால், அழுக்கு மாதிரிகளெல்லாம் தனித்தனி இனம்போலப் பிரிந்து நிற்கும். மரத்தின் வேறுபாடும் வேலையின் பிழையும் ஜெல்லில் ஒரே முகத்தோடுதான் வரும்.

இலை எடுத்தல்

ஒதி பூக்கும்போது மரத்தில் இலை இருக்காது. துளிர் விட்டு, செம்மை மாறி இளம்பச்சையான, ஆனால் இன்னும் மெதுமையான சிற்றிலைதான் நல்லது. முற்றிய இலையில் பீனோல் கூட. இலை கிடைக்காத காலத்தில் சிலர் உட்பட்டையைச் சுரண்டுவார்கள். ஒதியில் அதைத் தவிர்ப்பது நல்லது, பட்டைக்குள் இருப்பது பிசின்தான்.

நடு நரம்பை விட்டுவிட்டு, இலையை அரை விரல் அகலக் கீற்றாக வெட்டி, வெறும் தேயிலைப் பையிலோ வடிதாளிலோ போட்டு, சிலிக்கா ஜெல் உள்ள சிப் பைக்குள் வைக்க வேண்டும். இலை 1 பங்கென்றால் சிலிக்கா ஜெல் நிறையில் 10 பங்கு. ஒரு நாளுக்குள் இலை நொறுங்கும் பதத்துக்கு வர வேண்டும். வளைந்தால் ஜெல்லை மாற்றுங்கள். மெதுவாகக் காய்ந்த இலை கபிலமாகும், அதன் டிஎன்ஏ உடைந்திருக்கும். மாரி மாதங்களில் நிறம் மாறும் சிலிக்காவைக் கொஞ்சம் கலந்து வைத்தால் ஈரம் ஏறியது உடனே தெரியும். நீலச் சிலிக்காவில் கோபால்ட் குளோரைட்டு உண்டு, நச்சு. செம்மஞ்சள் நிறத்தது மேல். நிறம் மாறியதை 110 முதல் 120 பாகையில் சில மணித்தியாலம் சூடாக்கினால் மீண்டும் பாவிக்கலாம். பையின் மேல் பேனையால் எழுதுவதை மட்டும் நம்பாமல், பென்சிலால் எழுதிய துண்டு ஒன்றை உள்ளேயும் போடுங்கள். எதனோல் பட்டால் பேனை எழுத்து போய்விடும்.

எந்த மரத்தில் எடுப்பது என்பதில்தான் பாதி ஆய்வு இருக்கிறது. ஒரே வேலியில் பத்து மரத்தில் எடுத்துவிட்டு பத்து மரம் என்று எழுதினால், உண்மையில் இருப்பது ஒரு மரமாக இருக்கலாம். வளவுக்காரரைக் கேட்க வேண்டும்: "ஐயா, உந்த ஒதிக் கதியால் எங்க வெட்டினது?" "முன் வளவில மாமாட வேலியில வெட்டினது" என்று பதில் வந்தால் அந்த மாமாவின் வேலியிலும் ஓர் இலை எடுக்க வேண்டும். மீள்குடியேறிய பிறகு நட்ட வேலிகளில் இது இன்னும் முக்கியம். நட்ட காலத்தில் எங்கே கிடைத்ததோ அங்கே வெட்டியிருப்பார்கள், ஒரே வேலிக்குள் இரண்டு மூன்று தாய்மரங்களின் கிளைகள் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட வேலியில் இரு முனையிலும் நடுவிலும் எடுக்க வேண்டும். பதிலை அப்படியே குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். பின்னால் வரைபடத்தில் இரு தூர ஊர்கள் ஒன்றாக விழுந்தால் அதை விளக்குவது அந்தக் குறிப்புத்தான்.

காட்டு மரங்களை ஒன்றுக்கொன்று குறைந்தது 100 மீற்றர் தள்ளி எடுக்க வேண்டும். காட்டுக்குள் நுழைய வனத் திணைக்கள அனுமதி முதலில். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ இருக்கும் பக்கம் ஓரடிகூட வைக்கக் கூடாது. பலகை இல்லாத ஒற்றையடிப் பாதையென்றாலும் ஊரவரை விசாரித்த பிறகே போக வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஜிபிஎஸ் எண், சுற்றளவு, பூத்திருந்தால் ஆணா பெண்ணா என்பது, அழுத்திக் காயவைத்த கிளை ஒன்று. பிஸ்தாவைப் போல ஒதியிலும் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அந்தக் கிளை மாதிரி இல்லாமல் பின்னால் யாரும் இனத்தைச் சரிபார்க்க முடியாது. கிளுவையும் ஒதியும் ஒரே வேலியில் கலந்து நிற்கும். துளிர் இலையை மட்டும் பறித்துப் பைக்குள் போட்டால் மேசையில் வைத்துப் பிரிப்பது கஷ்டம். கிளுவை பர்சரேசியே குடும்பம், ஒதியின் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு. அதுவும் பிசின் மரம்தான்.

டிஎன்ஏ பிரித்தல்

அடிப்படை, டொயிலும் டொயிலும் 1987 இல் எழுதிய சிடிஏபி முறை. சிடிஏபி என்பது கலத்தை உடைக்கும் ஒரு சவர்க்காரப் பொருள். ஒதிக்கு அதை அப்படியே செய்தால் குழாயின் அடியில் கபிலக் களி கிடைக்கும். இரண்டு மாற்றம் வேண்டும். ஒன்று, கலத்தை உடைக்க முன்னரே பிசினைக் கழுவுவது. மற்றது, உப்பைக் கூட்டுவது.

கழுவும் கரைசல்: சோர்பிற்றோல் 0.35 மோலர், பிஎச் 8.0 டிரிஸ் 100 மில்லிமோலர், ஈடிடிஏ 5 மில்லிமோலர், பிவிபி-40 1 சதவீதம். பீற்றா மெர்கப்டோஎதனோல் 1 சதவீதம், பாவிக்கும் அன்று மட்டும் சேர்க்க வேண்டும். பிரிக்கும் கரைசல்: சிடிஏபி 2 சதவீதம், உப்பு 2 மோலர் (மூல முறையில் 1.4), டிரிஸ் 100 மில்லிமோலர், ஈடிடிஏ 20 மில்லிமோலர், பிவிபி-40 2 சதவீதம், மெர்கப்டோஎதனோல் 0.5 சதவீதம். மெர்கப்டோஎதனோல் உள்ள எதையும் புகையகற்றும் பெட்டிக்குள்ளேயே திறக்க வேண்டும்.

திரவ நைதரசன் வேண்டியதில்லை. சிலிக்காவில் நன்றாகக் காய்ந்த இலை 20 முதல் 30 மில்லிகிராமை, கழுவிச் சூடேற்றித் தூய்மையாக்கிய மணல் ஒரு சிட்டிகையோடு உரலில் மாவாக அரைக்கலாம். கூட இலை போட்டால் கூட டிஎன்ஏ வரும் என்று நினைத்து 100 மில்லிகிராம் காய்ந்த இலை போடுவது வழமையான தவறு. கூட வருவது பிசின்.

மாவை 2 மில்லிலீற்றர் குழாயில் போட்டு, கழுவும் கரைசல் 1 மில்லிலீற்றர் விட்டுக் கலக்கி, 5,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்ட வேண்டும். மேல்நீர் பிப்பெட் நுனியிலிருந்து நூலாக இழுபட்டால் பிசின் இன்னும் உண்டு. இழுபடாமல் சொட்டாக விழும்வரை திரும்பச் செய்யுங்கள். இளம் இலைக்கு இரண்டு முறை போதும், முற்றியதற்கு மூன்று நான்கு. முழுப் பிரிப்பிலும் அவசரப்படக் கூடாத படி இதுதான்.

பிறகு 65 பாகைக்குச் சூடாக்கிய சிடிஏபி கரைசல் 700 மைக்ரோலீற்றர். 45 நிமிடம் 65 பாகையில் வைத்து, 10 நிமிடத்துக்கு ஒரு முறை குழாயைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். வெளியே எடுத்துச் சற்று ஆறியதும் 24க்கு 1 குளோரோபோம்–ஐசோஅமைல் மதுசாரம் 700 மைக்ரோலீற்றர், 10 நிமிடம் மெதுவாகக் கலக்கி, 12,000 ஜியில் 10 நிமிடம். இதை அறை வெப்பத்தில் செய்ய வேண்டும். ஏசி அறையில் 16 பாகைக்கு இறக்கி வைத்திருந்தாலோ குளிரூட்டிய சென்ரிபியூஜில் 4 பாகையில் போட்டாலோ சிடிஏபியே வெள்ளையாகப் படிந்துவிடும். வெளியே வெயில் கொதிக்கும்போது ஏசியை முழுதாகப் போடுவது இயல்பு, இந்தப் படிக்கு மட்டும் நிறுத்துங்கள்.

மேல்நீரை எடுக்கும்போது இடைப்படையைத் தொடாமல், அடியில் ஏறக்குறைய 100 மைக்ரோலீற்றரை விட்டுவிட வேண்டும். அந்தக் கொஞ்சத்தையும் எடுக்கும் ஆசைதான் மாதிரியைக் கெடுக்கிறது. குளோரோபோம் படியை மறுபடி ஒருமுறை. பின் மேல்நீரின் பாதி அளவு 5 மோலர் உப்பு, அதன்மேல் மொத்தத்தின் 0.6 பங்கு குளிர்ந்த ஐசோபுரோப்பனோல். உப்பு கூடியிருந்தால் பிசின் கரைசலிலேயே நின்றுவிடும், டிஎன்ஏ மட்டும் படியும். மறை 20 பாகையில் அரை மணித்தியாலம் போதும். இரவு முழுதும் வைத்தால் பிசினும் சேர்ந்து படியும். 12,000 ஜியில் 10 நிமிடம் சுழற்றி, 70 சதவீத எதனோல் 500 மைக்ரோலீற்றரால் இரு முறை கழுவி, 10 நிமிடம் உலரவிட்டு, டிஈ கரைசல் (டிரிஸ், ஈடிடிஏ) 60 மைக்ரோலீற்றரில் கரையுங்கள். ஆர்என்ஏஸ் ஏ (மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம்) 1 மைக்ரோலீற்றர், 37 பாகையில் 30 நிமிடம்.

படிவைப் பார்த்தே பாதி சொல்லலாம். வெள்ளையோ நிறமற்றதோ என்றால் சரி. கபிலம் என்றால் பீனோல் ஒட்சியேறியிருக்கிறது. அதைப் பின்னால் கழுவி எடுக்க முடியாது, இளைய இலையோடும் புதிய மெர்கப்டோஎதனோலோடும் திரும்பத் தொடங்குவதே வழி. கண்ணாடிபோலக் களியாக நின்று கரையாமல் இருந்தால் பிசின். அதை 1 மோலர் உப்பில் கரைத்து மறுபடி ஐசோபுரோப்பனோலால் படியவைத்தால் ஓரளவு மீளும். நிறமாலைமானியில் 260/280 விகிதம் (260, 280 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 1.8 அளவில் வந்துவிட்டது என்று மகிழ்ந்து நிறுத்தக் கூடாது. பிசினைக் காட்டுவது 260/230. அது 1.5க்குக் கீழே என்றால் பிசிஆரில் தொல்லை வரும். கருவி இல்லாவிட்டால் 0.8 சதவீத ஜெல்லில் அளவு தெரிந்த லாம்டா டிஎன்ஏயோடு ஓட்டுங்கள். டிஎன்ஏ கிணற்றிலேயே ஒட்டிக்கொண்டு இறங்காமல் மினுங்கினாலும் பிசின்தான்.

பிசிஆர்

ஐஎஸ்எஸ்ஆர் 1994 இல் வந்த முறை. மரபணுத் தொடர் எதுவும் முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை என்பதால் ஒதி போன்ற, யாரும் அதிகம் தொடாத மரத்துக்குப் பொருந்தும். பிரைமர் என்பது பெருக்கலைத் தொடக்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு. பிஸ்தாவுக்கென்று செய்த எஸ்எஸ்ஆர் (திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்) பிரைமர்கள் பிஸ்தாசியா பேரினத்துக்குள் இனம் விட்டு இனம் நன்றாக வேலை செய்யும். அந்தப் பேரினம் தாண்டினால் நம்ப முடியாது. எழுந்தமானப் பிரைமர்களைப் பாவிக்கும் ஆர்ஏபிடி முறை மலிவு, ஆனால் 10 எழுத்துப் பிரைமர் 36 பாகையில் ஒட்டும்போது கண்ட இடத்திலும் ஒட்டும், திரும்பச் செய்தால் அதே கோடு வரும் என்பதற்கு உறுதி குறைவு.

தொடங்க நல்ல பிரைமர்கள் யுபிசி (பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக) தொகுதியில் 807, 808, 810, 811, 834, 835, 840, 841, 842. முதல் இரண்டும் ஏஜி எட்டு முறை, முடிவில் 807க்கு டி, 808க்கு சி. 810, 811 இரண்டும் ஜிஏ எட்டு முறை. தெளிவாக வரும் எட்டுப் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். மங்கலான இருபது பிரைமரைவிட அது பெறுமதி.

20 மைக்ரோலீற்றர் குழாய் ஒன்றுக்கு: (எல்லாம் மைக்ரோலீற்றரில்) மக்னீசியம் இல்லாத 10 மடங்கு பஃபர் கரைசல் 2.0, 25 மில்லிமோலர் மக்னீசியம் குளோரைட்டு 1.6, ஒவ்வொன்றும் 10 மில்லிமோலர் உள்ள டிஎன்டிபி (டிஎன்ஏயின் நான்கு எழுத்துகள்) கலவை 0.4, 10 மைக்ரோமோலர் பிரைமர் 1.2, மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டுக் குருதிப் புரதம்) 0.2, டிஎன்ஏயைப் பிரதிசெய்யும் டக் நொதியம் (மைக்ரோலீற்றருக்கு 5 அலகு) 0.2, மைக்ரோலீற்றருக்கு 10 நனோகிராம் டிஎன்ஏ 2.0, மீதி நீர் 12.4. பிஎஸ்ஏயை விடாதீர்கள். எஞ்சிய பீனோலை அது பிடித்து வைக்கும். டிஎன்ஏ தவிர்ந்த எல்லாவற்றையும் ஒரே குழாயில் மொத்தமாகக் கலந்து பிரிக்க வேண்டும், 0.2 மைக்ரோலீற்றரைத் தனித்தனியாக எவராலும் ஒரே அளவாக விட முடியாது.

94 பாகையில் 4 நிமிடம். பின் 94 பாகை 45 செக்கன், 50 பாகை 45 செக்கன், 72 பாகை 1.5 நிமிடம் என்று 35 சுற்று. கடைசியாக 72 பாகை 8 நிமிடம். கோடுகளுக்குப் பதில் புகைபோல இழுபட்டால் 52, 54 என்று கூட்டிப் பாருங்கள்.

எதுவும் வரவில்லையென்றால் உடனே டிஎன்ஏயைக் கூட்டுவது பிழையான திசை. பத்தில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்று ஐதாக்கிப் பாருங்கள். ஐதாக்கியபின் கோடு வந்தால் தடுப்பு இருந்தது என்று அர்த்தம். இன்னும் நிச்சயமாக அறிய, நன்றாக வேலை செய்யும் இன்னொரு டிஎன்ஏயோடு சந்தேகத்துக்குரிய மாதிரியைக் கலந்து ஓட்டலாம். நல்லதும் சேர்ந்து நின்றுவிட்டால் குற்றவாளி அந்த மாதிரி.

மின்வெட்டு இங்கே தனிப் பிரச்சினை. சுற்றின் நடுவில் மின்சாரம் போய், குழாய் வெதுவெதுப்பில் நின்று, திரும்ப வந்து மிச்சச் சுற்று ஓடிய விளைவை ஜெல்லில் போடவே கூடாது. அந்த நேரத்தில் பிரைமர் கண்ட இடத்தில் ஒட்டிப் புதுக் கோடுகள் வரும். பார்க்க நன்றாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. கணினிக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் பிசிஆர் இயந்திரத்தைத் தாங்காது, சூடேற்றும்போது அது பல நூறு வாற்று இழுக்கும். இயந்திரத்தின் வாற்று அளவைப் பார்த்து யுபிஎஸ் எடுங்கள். ஜெனரேற்றர் என்றால் மின்னழுத்த நிலைப்படுத்தி இடையில் வேண்டும். டக் நொதியத்தை உறைபெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சிறு பெட்டியில் வைத்தால் சில மணித்தியால வெட்டைத் தாங்கும்.

ஜெல்லும் கணக்கும்

1.8 சதவீத அகரோஸ் ஜெல், டிபிஈ கரைசல், 80 வோல்ற்றில் மூன்று மணித்தியாலம். ஒரு பிரைமரின் எல்லா மாதிரிகளையும் ஒரே தொகுதியில் ஓட்ட வேண்டும். இரண்டு ஜெல் தேவைப்பட்டால் அதே மாதிரி ஒன்று இரண்டிலும் இருக்க வேண்டும். அளவுகோல் டிஎன்ஏயை இரு ஓரத்திலும் நடுவிலும் போடுங்கள். நடுவில் போடாவிட்டால் ஜெல்லில் கோடுகள் சிரித்த வாய்போல வளையும்போது 600 எது 650 எது என்று தெரியாது. டிஎன்ஏ இல்லாத வெறுங்குழாய் ஒவ்வொரு பிரைமருக்கும் உண்டு. அதில் கோடு வந்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கு.

300 முதல் 2,000 டிஎன்ஏ எழுத்து (மூலச்சோடி) நீளம் வரையான கோடுகளை மட்டும் எண்ணுங்கள். உண்டு 1, இல்லை 0. மங்கலானதற்கு அரை மதிப்பெண் கிடையாது. அது எல்லா மாதிரியிலும் மங்கலென்றால் அந்தக் கோட்டையே விடுங்கள். எண்ணுபவருக்கு எந்தத் தடம் எந்த ஊர் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் கண் தானாகச் சாயும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவது இன்னும் நல்லது.

பிழை வீதத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே டிஎன்ஏயை இரு முறை பிசிஆர் செய்ததில் மாறிய கோடுகள் ஒரு எண். ஒரே தாய்மரத்துக் கதியால்களிலிருந்து தனித்தனியே டிஎன்ஏ பிரித்ததில் மாறியவை இன்னொரு எண். முதலாவது சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் வந்தால் பிழை பிசிஆரில் இல்லை, பிரித்தெடுப்பில். 5 சதவீதத்துக்கு மேலே போனால் கணக்குக்குப் போகாமல் கழுவும் படிக்குத் திரும்புங்கள். இந்த இரண்டாவது எண்தான் குளோன் எல்லை, அதாவது மரபளவில் ஒரே மரம் என்று எடுக்கும் எல்லை. இரு மரங்களின் வேறுபாடு அதற்குள் என்றால் இரண்டும் ஒரே மரம் என்று எடுத்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பல்வகைமையைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கழிக்காமல் வேலியையும் காட்டையும் ஒப்பிட்டால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

ஒற்றுமைக்கு ஜக்கார்ட் அல்லது டைஸ் குணகம். இரண்டும், இரு மரங்களிலும் ஒரு கோடு இல்லாததை ஒற்றுமையாகச் சேர்க்காது. இல்லாத கோடு பல காரணத்தால் இல்லாமற்போகலாம் என்பதால் இங்கே அது முக்கியம். எக்செலுக்குள் இயங்கும் ஜென்அலெக்ஸிலோ ஆர் மென்பொருளிலோ மரங்களை ஒற்றுமைப்படி புள்ளிகளாக வைக்கும் முதன்மை ஆள்கூற்று வரைபடமும், வேறுபாட்டைக் குழுக்களுக்குள்ளும் குழுக்களுக்கு இடையிலும் என்று பிரிக்கும் அமோவாவும் செய்யலாம். ஐஎஸ்எஸ்ஆர் ஆட்சியான மார்க்கர், ஒரு கோடு ஒரு பிரதியிலிருந்து வந்ததா இரண்டிலிருந்தா என்று சொல்லாது. ஆகவே இரு பிரதிகளும் வேறுபட்ட மரங்களின் விகிதம் பற்றி இதைக்கொண்டு உறுதியாக எழுத முடியாது.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒதி, மா, மரமுந்திரிகை மூன்றையும் ஒரே ஜெல்லில் போட்டு உறவு மரம் வரையும் ஆசை எல்லோருக்கும் வரும். இனம் தூரமாகத் தூரமாக, 700 அளவில் நிற்கும் இரு கோடுகள் ஒரே தொடராக இருக்கும் வாய்ப்புக் குறையும், அளவு மட்டும் தற்செயலாகப் பொருந்தும். அந்தக் கேள்விக்குப் பச்சையவுருமணியின் மட்கே, ஆர்பிசிஎல் பகுதிகளைத் தொடர்வரிசை பார்ப்பதே முறை. பிஸ்தாவிலும் இதுதான் நடந்தது. தாவரவியலாளர் மைக்கேல் சோஹரி 1952 இல் இலையும் கொட்டையும் பார்த்து அந்தப் பேரினத்தை 11 இனங்களாகவும் நான்கு பிரிவுகளாகவும் வகுத்தார். பின்வந்த டிஎன்ஏ ஆய்வுகள் அந்தப் பிரிவுகளை அப்படியே ஏற்கவில்லை.

ஒப்பீட்டுக்குக் கடைப் பிஸ்தா வேண்டுமென்றால் வறுக்காத, உப்பிடாததை எடுங்கள். வறுத்ததில் டிஎன்ஏ துண்டு துண்டாக இருக்கும், ஐஎஸ்எஸ்ஆருக்கு உதவாது. பருப்பில் பாதி எண்ணெய். அதை முதலில் ஹெக்சேனால் கழுவ வேண்டும். பருப்பின் டிஎன்ஏ தாய்மரத்தினது அல்ல, ஆணும் பெண்ணும் கலந்த பிள்ளையினது. மேலிருக்கும் மெல்லிய தோல்தான் தாயின் இழையம்.

ஆண் மரமா, பெண் மரமா

பிஸ்தாவில் மார்க்கர் வேலையின் பெரிய பயன் இதுதான். கன்று பூக்கப் பல வருடம் எடுக்கும், அதுவரை ஆண் எது பெண் எது என்று தெரியாது. 1994 இல் பெண் தன்மையோடு சேர்ந்து வரும், 945 அளவுள்ள ஆர்ஏபிடி கோடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒதியில் தேடிப் பயனில்லை, பேரினமே வேறு. ஆனால் வழியைப் பின்பற்றலாம்: பூத்த ஆண் மரங்களின் டிஎன்ஏயைச் சம அளவில் ஒரு குழாயிலும் பெண் மரங்களினதை இன்னொரு குழாயிலும் சேர்த்து, எல்லாப் பிரைமர்களையும் ஓட்டி, ஒன்றில் வந்து மற்றதில் வராத கோட்டைத் தேடுவது.

வேலி ஒதி இங்கேதான் ஏமாற்றும். ஒரே தாய்மரத்துக் கதியால் வேலி முழுதும் ஒரே பாலாக இருக்கும். பெண் மாதிரிகள் எல்லாம் ஒரு வேலியிலும் ஆண் மாதிரிகள் எல்லாம் இன்னொரு வேலியிலும் வந்திருந்தால், அந்த இரு மரங்களுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு சாதாரண வேறுபாடும் பாலின மார்க்கராகத் தோன்றும். குழாய்க்குப் பத்து மாதிரி போட்டிருந்தாலும் உண்மையில் ஒன்றுக்கு ஒன்றுதான் ஒப்பிடப்படுகிறது. ஆகவே குளோன் எல்லை வைத்துக் கழித்த பிறகு மிஞ்சும், வெவ்வேறு காட்டுத் துண்டுகளில் எடுத்த மரங்களால் மட்டுமே இந்தக் குழாய்களை நிரப்ப வேண்டும். கிடைத்த கோட்டைக் குழாயில் சேர்க்காத புதிய மரங்களில், பூப்பதை நேரில் பார்த்துப் பால் குறித்தவற்றில், ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பெண் குழாயில் கிடைத்த கோடென்றால், இந்தப் புதிய மரங்களில் ஒரேயொரு ஆணில் அது வந்தாலும் முதலில் டிஎன்ஏயைப் புதிதாகப் பிரித்துத் திரும்ப ஓட்டுங்கள். மறுபடியும் வந்தால் அந்தக் கோட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த பிரைமருக்குப் போகலாம்.